உரிமம் திரும்பி வந்தது, ஆபத்து எங்கே போனது? ஜப்பானின் முதிய ஓட்டுநர்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

2019 ஏப்ரல் 19ஆம் தேதி, நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், டோக்கியோவின் ஹிகாஷி இகெபுகுரோ பகுதியில் 87 வயது முதியவர் ஓட்டிவந்த கார் ஒன்று கட்டுப்பாடிழந்து, சிவப்பு விளக்கையும் மீறிப் பாய்ந்தது. பாதசாரிக் கடவையில் மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்த 31 வயதுத் தாயும் அவருடைய 3 வயது மகளும் பலியாயினர். ஒன்பது பேர் காயமடைந்தனர். மணிக்கு 50 கிலோமீட்டர் வரம்புள்ள அந்தச் சாலையில் கார் எட்டிய வேகம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் என்று விசாரணை கண்டறிந்தது.

ஓட்டுநர் ஒரு முன்னாள் உயர் அரசு அதிகாரி. காரில் ஏதோ கோளாறு, தான் பிரேக்கைத்தான் மிதித்தேன் என்பது நீதிமன்றத்தில் அவருடைய வாதம். வாகனத்தில் பதிவாகியிருந்த தரவுகள் அதற்கு நேர்மாறாக இருந்தன: ஆக்சிலரேட்டர் மிதிபட்டபடியே இருந்தது, பிரேக் தொடப்படவேயில்லை. பிரேக் என்று எண்ணி ஆக்சிலரேட்டரை மிதித்து, கார் பாய்ந்ததும் இன்னும் பலமாக அதே மிதியை அழுத்தியிருக்கிறார் என்ற முடிவுக்கு வந்த டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், 2021 செப்டம்பரில் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. 2024இல், தண்டனைக் காலம் முடியும் முன்பே காலமானார்.

விபத்து நடந்த உடனே அவர் கைது செய்யப்படாததால், செல்வாக்குள்ளவருக்குச் சட்டம் வளைகிறது என்ற கொதிப்பு நாடெங்கும் எழுந்தது. அந்தக் கோபம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அது விவாதத்தை ஒரு தனிமனிதரின் குணத்தைச் சுற்றியே நிறுத்திவிட்டது. இறந்த பெண்ணின் கணவரோ, மனைவியையும் மகளையும் இழந்த சில நாட்களிலேயே செய்தியாளர் முன் அமர்ந்து, வண்டி ஓட்டுவதில் சிறிதளவேனும் தயக்கம் உள்ளவர்கள் ஓட்டாதிருப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும், அவர்களுடைய குடும்பத்தினர் அது குறித்து வீட்டில் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்து வந்த ஆண்டுகளின் கொள்கை மாற்றங்களில் பலவற்றுக்குப் பின்னால் அந்த வேண்டுகோள் இருக்கிறது. அந்த மாற்றங்கள் எதைச் சாதித்தன, எதைத் தவறவிட்டன என்பதே இந்த ஆய்வின் பொருள்.

சோதனை எதைப் பார்த்தது

இந்த விபத்தில் என்னை மிகவும் உறுத்தும் விவரம், அந்த ஓட்டுநர் முதியோருக்கான அறிதிறன் சோதனையில் தேறியவர் என்பதுதான். ஜப்பானில் 75 வயதுக்கு மேற்பட்டோர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்தச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதி 2009 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. 2017 மார்ச்சில் அது கடுமையாக்கப்பட்டு, மறதிநோய் ஐயத்துக்குரியவர் என்று சோதனை காட்டினால் மருத்துவரின் பரிசோதனைக்குச் சென்றே தீர வேண்டும் என்றானது. விபத்தை ஏற்படுத்தியவர் 2017இல் உரிமத்தைப் புதுப்பித்தபோது இந்தச் சோதனையில் குறையெதுவும் காணப்படவில்லை.

சோதனை எப்படி நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். மேசையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு நான்கு நான்காக 16 படங்கள் காட்டப்படுகின்றன. பின்னர் கவனத்தைத் திருப்புவதற்காக, தாளில் வரிசையாக அச்சிட்ட எண்களில் குறிப்பிட்ட சிலவற்றை அடித்துவிடச் சொல்கிறார்கள். அது முடிந்தபின், முன்பு பார்த்த படங்களை நினைவிலிருந்து எழுத வேண்டும். முதலில் எந்தக் குறிப்பும் இல்லாமல், அடுத்து, இது ஒரு விலங்கு, இது ஓர் இசைக்கருவி என்பது போன்ற குறிப்புகளோடு. இன்றைய ஆண்டு, மாதம், தேதி, கிழமை, நேரம் ஆகியவற்றையும் எழுதிக்காட்ட வேண்டும். 2022 வரை, சொன்ன நேரத்தைக் காட்டும்படி ஒரு கடிகார முகப்பை வரைவதும் இதில் அடங்கியிருந்தது.

மறதிநோயின் தொடக்கத்தைக் கண்டறிய இது ஏற்ற கருவியே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இகெபுகுரோவில் தவறியது நினைவாற்றல் அன்று. வலது கால் ஒரு மிதியிலிருந்து மற்றொன்றுக்கு நகர வேண்டிய தருணத்தில் நகரவில்லை. நகர்ந்துவிட்டது என்று மனம் நம்பியது. எதிர்பாராத விதமாகக் கார் பாய்ந்தபோது, நடப்பது என்ன என்று உணர்ந்து காலை எடுக்கும் திருத்தமும் நிகழவில்லை. இடுப்பையும் பாதத்தையும் திருப்பும் திறன், பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வு, அதிர்ச்சியில் ஒரு செயலை நிறுத்தி வேறொன்றுக்கு மாறும் வேகம் ஆகியவை வயதோடு குறைகின்றன என்பது நன்கு அறியப்பட்டதே. மேசையில் அமர்ந்து எழுதும் தாள் இவற்றில் எதையும் அளக்காது. ஜப்பானில் 75 வயதுக்கு மேற்பட்ட ஓட்டுநர்கள் ஏற்படுத்தும் உயிர்ப்பலி விபத்துகளில், வண்டியைக் கையாள்வதில் நேரும் பிழைகளே ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் காரணம். இளையோரிடம் இந்தப் பங்கு மிகக் குறைவு.

2020இல் நிறைவேறி 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. 75 வயதுக்கு மேற்பட்டவர் முந்தைய மூன்று ஆண்டுகளில் சிக்னலை மீறுதல், வேக வரம்பை மீறுதல் போன்ற குறிப்பிட்ட விதிமீறல்களில் சிக்கியிருந்தால், உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் பயிற்சித் திடலில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி நேரடியாக அந்தக் காலின் பிழையை நோக்கியது: தரையில் பொருத்திய ஒரு மேட்டின் மேல் முன்சக்கரங்கள் ஏறும்படி ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும், ஏறிய மறுகணமே காலை மாற்றிப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். படங்களை நினைவுகூரச் சொல்வதைவிட இது விபத்தின் இயல்புக்கு எவ்வளவோ நெருக்கமானது. ஆயினும் விதிமீறலில் ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதை மறக்கலாகாது. அதுவரை எதிலும் சிக்காத ஒருவர் இந்தத் திடலுக்கு வரவே மாட்டார்.

உரிமங்கள் குவிந்த ஆண்டு

ஜப்பானில் ஓட்டுநர் உரிமத்தை விரும்பித் திருப்பி ஒப்படைக்கும் முறை 1998 முதல் இருக்கிறது. ஒப்படைத்தவருக்கு ஒரு சான்று வழங்கப்படும்; 2012 முதல் அது காலவரம்பின்றி அடையாள ஆவணமாகவும் செல்லுபடியாகிறது. பல ஊர்களில் அதைக் காட்டினால் பேருந்து, டாக்சிக் கட்டணங்களில் சலுகையும் உண்டு. 2018இல் சுமார் 4,21,000 பேர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தனர். இகெபுகுரோ விபத்து நடந்த 2019இல் அது 6,01,000ஐத் தாண்டியது, அதுவே உச்சம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 75 வயதைக் கடந்தவர்கள்.

பின்னர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிந்து, 2023இல் நான்கு இலட்சத்துக்கும் கீழே வந்தது. மக்களுக்கு விபத்தின் நினைவு மங்கிவிட்டது என்று இதை விளக்குவோர் உண்டு. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. இரயிலும் பேருந்தும் வீட்டு வாசலுக்கு அருகில் உள்ளவர்கள் முதல் அலையிலேயே கொடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்போரில் பெரும்பாலானோர், கார் இல்லையென்றால் மருத்துவமனைக்கும் கடைக்கும் போக வழியே இல்லாத ஊர்களில் வாழ்பவர்கள். மக்கள்தொகை சுருங்கச் சுருங்க, அத்தகைய ஊர்களில் பேருந்துத் தடங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு வருகின்றன. உரிமத்தை ஒப்படைத்தால் தம் வாழ்க்கை என்னவாகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள்; அதைப் பிடிவாதம் என்று பழிப்பது அநியாயம்.

முதிய ஓட்டுநர்களின் ஆபத்து எவ்வளவு என்பதையும் அளவோடு பார்க்க வேண்டும். 2019இல் உரிமம் வைத்திருந்த ஒவ்வோர் இலட்சம் பேருக்கும், 75 வயதுக்கு மேற்பட்டோர் ஏற்படுத்திய உயிர்ப்பலி விபத்துகள் 6.9, அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரிடம் 3.1. இரு மடங்குக்கும் மேல் என்பது உண்மை. 20 வயதுக்கு உட்பட்ட புதிய ஓட்டுநர்களின் விகிதம் இதையும் மிஞ்சியது என்பதும் உண்மை. மேலும், முதியோரின் உயிர்ப்பலி விபத்துகளில் கணிசமான பகுதி, வேறு எந்த வாகனமும் சம்பந்தப்படாமல் அவர்களே எதிலோ மோதி இறப்பவை. இளைஞர் ஒருவர் எலும்பு முறிவோடு பிழைத்திருக்கக்கூடிய மோதலில் 80 வயது நெஞ்செலும்பும் நுரையீரலும் தாங்குவதில்லை. ஆகவே இந்த விகிதம் அவர்கள் பிறருக்கு இழைக்கும் ஆபத்தை மட்டும் அளக்கவில்லை. அவர்களுடைய உடலின் நொய்ம்மையையும் சேர்த்தே அளக்கிறது.

ஆபத்து இடம் மாறியது

2017இல் கடுமையாக்கப்பட்ட சோதனையால் விளைந்த பலன் என்ன என்பதைச் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவல்துறையின் விபத்துப் பதிவுகளைக் கொண்டு மதிப்பிட்டு, 2023இல் வெளியிட்டனர். 2017 மார்ச் முதல் 2019 இறுதி வரையிலான காலத்தில், 75 வயதுக்கு மேற்பட்ட ஓட்டுநர்களின் மோதல்கள் எதிர்பார்க்கப்பட்டதைவிடச் சுமார் 3,700 குறைந்திருந்தன. இதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. ஆனால் அவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டார்கள். அதே வயதினர் நடந்து செல்லும்போதோ மிதிவண்டியில் செல்லும்போதோ அடிபட்ட நிகழ்வுகள், எதிர்பார்க்கப்பட்டதைவிட ஏறத்தாழ 950 கூடியிருந்தன.

இவ்விரு எண்களையும் கழித்துப் பார்த்து, நிகர இலாபம் என்று திருப்தி அடைவது பிழை. காருக்குள் இருப்பவரின் மோதல் பெரும்பாலும் தகரம் நசுங்குவதோடு முடியும். தெருவில் நடக்கும் 80 வயதினர் மீது கார் மோதினால் இடுப்பெலும்பு முறியும். அதிலிருந்து மீளாமல் படுக்கையிலேயே இறப்போர் எத்தனையோ பேர். டென்மார்க்கின் அனுபவம் இன்னும் கசப்பானது. அங்கே 2006இல் முதிய ஓட்டுநர்களுக்கு அறிதிறன் சோதனை கொண்டுவரப்பட்டது. 2012இல் வெளியான ஆய்வொன்று, அதன் பின் முதிய ஓட்டுநர்களின் உயிர்ப்பலி விபத்துகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும், நடந்தும் மிதிவண்டியிலும் சென்ற முதியோரின் இறப்பு கூடியது என்றும் கண்டது. 2017இல் அந்நாடு வயதை மட்டும் அடிப்படையாகக் கொண்ட கட்டாய மருத்துவப் பரிசோதனையைக் கைவிட்டது.

இன்னொரு விலையும் உண்டு. அது எந்த விபத்துப் பதிவேட்டிலும் இடம்பெறாது. முதியோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஜப்பானிய ஆய்வொன்றில், வண்டி ஓட்டுவதை நிறுத்தியவர்கள், தொடர்ந்து ஓட்டியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அளவில் பிறர் உதவி தேவைப்படும் நிலைக்குச் சென்றனர். நிறுத்திய பின்னும் பேருந்திலோ இரயிலிலோ மிதிவண்டியிலோ வெளியே போய்வந்தவர்களிடம் இந்தத் தீங்கு குறைவாக இருந்தது. உடல்நலம் குன்றியவர்களே முதலில் ஓட்டுவதை நிறுத்துவார்கள் என்பதால் இதில் காரணம் எது, விளைவு எது என்று முழுவதுமாகப் பிரித்துவிட முடியாது. ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் கொண்டு திருத்திய பின்னும் வேறுபாடு மறையவில்லை. வீட்டை விட்டு வெளியே போகும் வழி அடைபட்டால் மனிதர் தளர்ந்துபோகிறார்.

என் முடிவு இதுதான்: எத்தனை உரிமங்கள் திரும்பின என்பது பாதுகாப்பின் அளவுகோல் ஆகாது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்த முதியவர் சாலையை விட்டுப் போய்விடுவதில்லை. அவர் நடந்து அதே சாலைக்கு வருகிறார். அப்போது அவருக்குக் கவசமாக இருந்த காரும் இல்லை.

சாலையைக் கடக்கும் அந்தச் சில நொடிகள்

1970இல் 16,765 பேரைச் சாலையில் பலிகொடுத்த ஜப்பான், அதை 2023இல் 2,678ஆகக் குறைத்தது. உலகுக்கே பாடமான சாதனை இது. ஆனால் எஞ்சிய இறப்புகளில் பாதிக்கும் மேல் 65 வயதைக் கடந்தவர்களுடையவை. நடந்து செல்லும்போது இறந்தவர்களை மட்டும் எடுத்தால் பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் முதியவர்கள். பெரும்பாலும் அவர்கள் அடிபடுவது தொலைவில் அல்ல, நன்கு பழகிய, வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில். அதிலும் பொழுது சாய்ந்த பிறகு.

அந்த விபத்துகளில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு வடிவம் உண்டு. ஜப்பானில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் ஓடுகின்றன. கடக்கத் தொடங்கும் முதியவர் முதலில் வலப்பக்கம் பார்க்கிறார். கார் தொலைவில்தான் இருக்கிறது என்று கண்டு இறங்குகிறார். சாலையின் முதல் பாதியைப் பத்திரமாகக் கடந்துவிடுகிறார். இரண்டாம் பாதியில், இடப்பக்கத்திலிருந்து வரும் வண்டி அவர் மீது மோதுகிறது. புறப்படும்போது அந்த வண்டி வெகு தூரத்தில் இருந்திருக்கும். முதியோர் வருகிற வண்டியின் வேகத்தைவிட அதன் தொலைவை வைத்தே முடிவெடுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே தொலைவில் வேகமாக வருவது அவர்களுக்குப் பாதுகாப்பான இடைவெளியாகத் தோன்றுகிறது. தடுக்கி விழக்கூடாதே என்ற அச்சத்தில் பார்வை தரையில் நிலைக்கிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், அந்தி வேளையில் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது. தம் கண்ணுக்கு அந்த வண்டியின் விளக்கு தெரிவதால், ஓட்டுநருக்கும் தாம் தெரிவோம் என்று அவர் நம்புகிறார். இருண்ட நிற ஆடையில் இருக்கும் அவரை ஓட்டுநர் காண்பதோ கடைசி நொடியில்.

இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது? பாதியில் நின்று மீண்டும் பார்க்க ஒரு மேடை இருந்திருந்தால், அவர் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் கவனித்தால் போதும். சாலை நடுவே கட்டப்படும் அந்தச் சிறிய நிற்குமிடம், எத்தனையோ விழிப்புணர்வுக் கூட்டங்களைவிடப் பயனுள்ளது.

சிக்னல் உள்ள இடங்களிலும் நிலைமை எளிதன்று. பல நாடுகளில் பாதசாரிப் பச்சை விளக்கின் நேரம், ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில் அமைகிறது. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரின் நடைவேகத்தை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், ஆண்களிலும் பெண்களிலும் மிகப் பெரும்பாலோர் அந்த வேகத்தை எட்டவில்லை. 15 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12.5 நொடிகளில் கடப்பார், 0.8 மீட்டர் நடப்பவருக்குச் சுமார் 19 நொடி வேண்டும். நேரம் தீரும்போது அவர் இன்னும் ஐந்து மீட்டர் தொலைவில், வண்டிகளின் முன்னே நிற்கிறார். சிங்கப்பூர் 2009இல் இதற்கு ஓர் எளிய வழி கண்டது: முதியோருக்கான அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 நொடிகள் வரை பச்சை விளக்கு நீளும். கேட்டவருக்கு மட்டும் கூடுதல் நேரம் என்பதால் போக்குவரத்துக்கும் பெரிய இடையூறு இல்லை.

வேகமே எல்லாவற்றிலும் முதன்மையானது. மோதும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டத் தாண்டப் பாதசாரியின் இறப்பு வாய்ப்பு செங்குத்தாக ஏறுகிறது. முதியோருக்கு அந்த ஏற்றம் இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. ஜப்பான் 2011 முதல் குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர் வேக மண்டலங்களை அமைத்து வருகிறது. வேக அறிவிப்புப் பலகை இல்லாத இடங்களில், நடுக்கோடு கூட இல்லாத குறுகிய தெருவுக்கும் 60 கிலோமீட்டர் வரம்புதான் என்றிருந்த பழைய விதியையும் மாற்றி, அத்தகைய தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் என்று நிர்ணயித்துள்ளது. 2026 செப்டம்பர் அதற்குக் குறிக்கப்பட்ட தொடக்கம். முதிய ஓட்டுநர்கள் பற்றிய செய்திகளுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த மாற்றத்துக்குக் கிடைக்கவில்லை. எனக்கோ, இகெபுகுரோவுக்குப் பிந்தைய நடவடிக்கைகளிலேயே முதியோரின் உயிரை அதிகம் காக்கக்கூடியது இதுதான் என்று படுகிறது.

வண்டியும் ஊரும்

காலின் பிழையைக் கார் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. முன்னே தடை இருக்கும்போது ஆக்சிலரேட்டர் திடீரென ஆழமாக மிதிக்கப்பட்டால் அந்த உந்துதலை அடக்கும் கருவிகள் சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தானியங்கிப் பிரேக்கைப் புதிய உள்நாட்டுக் கார் வகைகளுக்கு ஜப்பான் 2021 நவம்பர் முதல் கட்டாயமாக்கியது. மிதி மாறுவதைத் தடுக்கும் கருவியை 2028 செப்டம்பர் முதல் கட்டாயமாக்க முடிவு செய்துள்ளது. இத்தகைய வசதிகள் கொண்ட வண்டியை மட்டும் ஓட்டலாம் என்ற தனி உரிமமும் 2022இல் அறிமுகமானது. ஓட்டுவதா, அடியோடு விடுவதா என்ற இரண்டே வழிகளுக்கு இடையில் மூன்றாவது ஒன்றைத் திறந்ததால் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் மிகச் சிலரே அதை நாடினர். பழைய காரை வைத்துக்கொண்டு ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் புதிய கார் வாங்கச் சொல்லும் உரிமம் அது, தயக்கம் இயல்பே.

ஊர் செய்யக்கூடியதற்கு டோயாமா நகரம் சான்று. 2006இல் அங்கே பழைய இரயில் தடமொன்றைத் தாழ்தள டிராம் வண்டிகள் ஓடும் தடமாக மாற்றினார்கள். நிறுத்தங்களைச் சுற்றியே மக்கள் குடியேற ஊக்கம் அளித்தார்கள். 65 வயதைக் கடந்தோர் நகர மையத்துக்குப் பகலில் 100 யென் கட்டணத்தில் போய்வர வழி செய்தார்கள். அங்கே உரிமத்தை ஒப்படைப்பவருக்கு அடுத்த நாள் காலையில் எப்படி வெளியே போவது என்ற கேள்விக்கு விடை கையில் இருக்கிறது. மலையடிவாரச் சிற்றூருக்கு டிராம் வராது என்பது உண்மைதான்; அங்கே தொலைபேசியில் அழைத்தால் வரும் பகிர்வு டாக்சியும், வாரத்தில் சில நாட்களாவது தவறாமல் ஓடும் சிறு பேருந்துமே பொருந்தும்.

உரிமத்தைத் திரும்பப் பெறும் அலுவலகம், அதைக் கொடுத்துவிட்டு எழுந்து போகும் முதியவரிடம் இன்னும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இனி மருத்துவரிடம் எப்படிப் போவீர்கள், வழியில் எந்தச் சாலையைக் கடக்க வேண்டும், அங்கே விளக்கு உண்டா, நடுவில் நிற்க இடம் உண்டா? அந்தப் பதில்களைத் தொகுத்துச் சாலைப் பொறியாளரிடம் ஒப்படைத்தால், எந்தக் கடவைக்கு முதலில் நிற்குமிடம் கட்ட வேண்டும், எந்த சிக்னலில் நொடிகளைக் கூட்ட வேண்டும் என்ற பட்டியல் தானே உருவாகிவிடும். காவல்துறை ஆண்டுதோறும் வெளியிடும் திரும்பிய உரிமங்களின் கணக்குக்குப் பக்கத்திலேயே, அதே வயதினர் நடந்து செல்கையில் அடிபட்ட கணக்கும் அச்சிடப்பட வேண்டும்.